பிரியாணிக்குப் பக்கத்துல ஒரு ரோஜா!

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பாதிப் பேர் ‘சீரகச் சம்பா பிரியாணி’ என்பீர்கள். மீதிப் பேர் ‘ஷூ’ என்பீர்கள். ரெண்டுமே ரைட்டுதான் ஃப்ரெண்ட்ஸ்! ஆனால், அந்த பிரியாணித் தட்டின் ஓரத்தில் யாரும் கண்டுக்காமல் ஒரு ஆசாமி உட்கார்ந்திருப்பாரே... நாலு வெள்ளரி வட்டம், ரெண்டு கேரட், ஒரு வெங்காய வளையம், கூடவே ஒரு எலுமிச்சைத் துண்டு. இந்த வாரம் அவர்தான் நம்ம ஹீரோ. அவரைக் கொஞ்சம் மேக்கப் போட்டு அழகாக்கப் போகிறோம். அப்படியே அந்த ஊர்ப் பக்கம் ஒரு ரவுண்டும் போய்விட்டு வரப் போகிறோம். ரெடியா?

ரூட் ரொம்ப ஈஸி!

வேலூரில் படிக்கிறவர்களுக்கு நான் வழி சொல்லவே வேண்டாம். மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். முதலில் ராணிப்பேட்டை, அப்புறம் மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக வரும். கொஞ்சம் உள்ளே தள்ளி பேரணாம்பட்டு. இந்த ஊர்களைச் சேர்த்துத்தான் ‘லெதர் பெல்ட்’ என்கிறார்கள். வேலூரில் இருந்து ஆம்பூருக்கு சுமார் 50 கிலோமீட்டர். ரயில் பிரியர்கள் காட்பாடியில் ஏறினால் ஆம்பூரிலேயே இறங்கலாம்.

முன்பு எல்லாமே வேலூர் மாவட்டம்தான். 2019-ல் மூன்றாகப் பிரித்தார்கள். இப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டம். பேரணாம்பட்டு மட்டும் வேலூரிலேயே நின்றுவிட்டது. ஜி.கே. டெஸ்ட்டில் வந்தால் எனக்கு ட்ரீட் வைக்கணும், ஓகே?

வழி நெடுக ரெண்டே வகை போர்டுகள்தான் கண்ணில் படும். ஒன்று பிரியாணிக் கடை. இன்னொன்று செருப்பு, ஷூ, பெல்ட் கடை. மூன்றாவதாக ஒன்று போர்டே இல்லாமல் கூடவே வரும். அதுதான் பாலாறு. பெரும்பாலான நாட்களில் வெறும் மணல். 2021 நவம்பர் மாதிரி எப்போதாவதுதான் கரை தொட்டு வெள்ளம் ஓடும். இந்த ஆற்றை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னால் சாலட் கிண்ணத்துக்குள் வரப்போகிறது.

தட்டுல என்ன இருக்கு?

ஆம்பூர் பிரியாணியின் காரம் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் இருந்து வருகிறது. அரிசி, குட்டிக் குட்டியான சீரகச் சம்பா. துணைக்கு தயிரில் போட்ட வெங்காயப் பச்சடி, புளிப்பான கத்தரிக்காய்க் குழம்பு. கத்தரிக்காய் என்றால் இந்தப் பக்கத்துக்கு ஒரு தனி கெத்து உண்டு. காம்பில் முள்ளோடு விளையும் இலவம்பாடி முள் கத்தரிக்காய், 2023-ல் ‘வேலூர் முள் கத்தரி’ என்ற பெயரில் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது.

கறி, எண்ணெய், காரம் என்று வாய் நிறைந்திருக்கும்போது நாக்கு கொஞ்சம் ‘அப்பாடா’ சொல்ல ஏங்கும். அந்த வேலைக்குத்தான் பச்சை வெங்காயமும் வெள்ளரியும். வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். அதாவது, கடித்துத் தின்கிற தண்ணீர்! கல்யாண வீடுகளில் இந்த ஓரத்து சாலட் பிரமோஷன் வாங்கி, தர்பூசணியில் மணமக்கள் பெயர் செதுக்கி, கேரட்டில் பூ வெட்டி, தனி மேஜையே போட்டு உட்கார்ந்துவிடுகிறது. லீவு நாளில் கேட்டரிங் வேலைக்குப் போய் பாக்கெட் மணி தேத்துகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

தோல் சீவுறதுல ரெண்டு வகை

நமக்குக் காய் என்றால் முதல் வேலை தோலைச் சீவிக் குப்பையில் போடுவது. இந்த ஊர்களிலோ தோலைக் காப்பாற்றுவதுதான் தொழிலே! அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள். அதற்குத் தொழில் பெயரே ‘வெஜிடபிள் டேனிங்’தான். 1970-களில் பதனிடாத தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட, முழுசாக முடித்த தோலும் ஷூவும் செய்கிற பக்கம் தொழில் திரும்பியது. சீக்கிரம் வேலை முடிகிற குரோமியப் பதனிடல் பெரிதாக வளர்ந்தது.

ஷூ கம்பெனியில் ‘கட்டிங்’ என்று ஒரு பிரிவு உண்டு. அங்கே சும்மா கத்தியை வைத்து இழுக்க முடியாது பாஸ். ஒரே தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொள. முதுகில் இருந்து ஷூவின் முன்பக்கத்தை எடுப்பார்கள். வயிற்றுப் பக்கம் வெளியே தெரியாத இடங்களுக்குப் போகும். எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எங்கே தழும்பு இருக்கிறது என்று பார்த்து, துண்டுகளை நெருக்கி நெருக்கி அமைத்து வெட்டணும். வீணாகிற ஒவ்வொரு துண்டும் காசு.

காய் வெட்டுவதும் இதே கணக்குதான். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வளையம் வரும், காரமும் கூடும். காரணம், நிறைய செல்கள் உடைகின்றன. காம்பில் இருந்து வேர்வரை நெடுக்காக வெட்டினால் காரம் கொஞ்சம் அடங்கும். பொருள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கத்தியை வைப்பது... தோலுக்கும் அதுதான் பாடம், வெங்காயத்துக்கும் அதுதான்.

கத்தியை எடுங்க!

வேலூர் நேதாஜி மார்க்கெட்டோ, உங்கள் ஹாஸ்டல் வாசல் தள்ளுவண்டியோ... நேரான சின்ன வெள்ளரி ரெண்டு, கேரட் ரெண்டு, கெட்டியான தக்காளி ரெண்டு, நடுத்தர சைஸ் வெங்காயம் ரெண்டு, ஒரு எலுமிச்சை வாங்கிக்கோங்க. ஒரு சின்ன கத்தி, தோல் சீவி, ஒரு பலகை, ஒரு கிண்ணம் ஐஸ் தண்ணீர். அவ்வளவுதான் முதலீடு. கத்தி கூர்மையாக இருக்கட்டும். மொக்கைக் கத்திதான் வழுக்கிக்கொண்டு விரலுக்கு வரும். காயைப் பிடிக்கிற கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கோங்க.

வெள்ளரிச் சக்கரம்: தோலை முழுசாகச் சீவாதீங்க. ஒரு கோடு சீவி, ஒரு கோடு விட்டு வரிவரியாகச் சீவுங்க. அல்லது முள் கரண்டியால் மேலிருந்து கீழே சுற்றிலும் கீறுங்க. வட்ட வட்டமாக வெட்டினால் ஓரத்தில் பூ டிசைன் தானாக வரும். 3 மில்லிமீட்டர் கனம் போதும்.

கேரட் பூ: தோல் சீவிய கேரட்டில் நீளவாக்கில் ஐந்து இடத்தில் சரிவாக ரெண்டு வெட்டு வெட்டி, ஐந்து சின்ன வாய்க்கால் எடுங்க. இடைவெளி சமமாக இருக்கணும். அப்புறம் குறுக்கே வில்லை போட்டால் ஒவ்வொரு வில்லையும் ஐந்து இதழ் பூ. எடுத்த குச்சிகளைத் தூக்கிப் போடாதீங்க, பொடியாக நறுக்கிப் பச்சடியில் சேருங்க. கட்டிங் பிரிவில் கற்றுத் தருகிற அதே சிக்கனம்!

தக்காளி ரோஜா: அடியில் இருந்து ஆரம்பித்து, ரெண்டு சென்டிமீட்டர் அகலத்தில், அறுந்து போகாமல் ஒரே ரிப்பனாகத் தோலைச் சீவிக்கொண்டே வாங்க. அவசரப்பட்டால் போச்சு. அந்த ரிப்பனைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி நிற்க வைத்தால் ரோஜா. உள்ளே இருக்கிற தக்காளியைப் பக்கத்திலேயே நறுக்கி வைத்துவிடலாம்.

வெங்காயத் தாமரை: வேர்ப் பக்கத்தை விட்டுவிட்டுத் தோல் உரிங்க. மேல்நுனியை வெட்டிவிட்டு, மேலிருந்து கீழே எட்டுப் பாகமாகக் கீறுங்க. வேருக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாடியே கத்தி நின்றுவிடணும். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் இதழ்களைக் கட்டிப்போட்டிருக்கிற குடும்பம். இப்போது ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்க. மூடிக் கிடந்த வெங்காயம் மெள்ள மெள்ளத் தாமரையாக விரியும்!

உப்பையும் எலுமிச்சையையும் பரிமாறுவதற்கு ஒரு நிமிஷம் முன்னாடி மட்டும் சேருங்க. முன்கூட்டியே போட்டால் உப்பு காய்க்குள் இருக்கிற தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளி, உங்கள் பூவெல்லாம் வாடிப்போய்விடும். பீட்ரூட் ஆசை இருந்தால் தனிக் கிண்ணத்தில் வையுங்க. இல்லாவிட்டால் தட்டு முழுக்க ஹோலி!

பூ குடிக்கிற தண்ணி

வெங்காயம் ஏன் விரிந்தது? ஸ்கூல் பயாலஜியில் ‘சவ்வூடு பரவல்’ என்று படித்தோமே, அதுதான். காயின் செல்லுக்குள் உப்பும் சர்க்கரையும் அதிகம், வெளியே குறைவு. அதனால் கிண்ணத்துத் தண்ணீர் செல்லுக்குள் புகுந்து அதைப் புடைக்க வைக்கிறது. இதழ் விறைத்து, வளைந்து, விரிகிறது. அப்படியென்றால் யோசித்துப் பாருங்க... அந்தத் தாமரை, கிண்ணத்தில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டது. அதைத்தான் நாம் பச்சையாகக் கடிக்கப் போகிறோம்.

இந்த இடத்தில்தான் பாலாறு கிண்ணத்துக்குள் வருகிறது.

தோல் பதனிடுவதற்கு எக்கச்சக்கமாகத் தண்ணீர் வேண்டும். வெளியே வருகிற கழிவுநீரில் உப்பும் குரோமியமும் இருக்கும். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற அமைப்பு இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலை முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்பதும் அந்தத் தீர்ப்பில் பதிவாகி இருக்கிறது. ‘கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அழுத்தமாகச் சொன்ன வழக்கு இது. தொழிற்சாலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். சட்டம் படிக்கிற நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க, வேலூர் பெயரைச் சொன்னதும் இந்த வழக்கைத்தான் சொல்வார்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆனாலும் கதை முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பு எழுதி, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கவும், ஆற்றை மீட்கவும் உத்தரவு போட வேண்டி வந்தது. ரெண்டு தீர்ப்புக்கும் நடுவில் 28 வருஷம் ஓடிவிட்டது. முதல் தீர்ப்பு வந்தபோது இதைப் படிக்கிற உங்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

‘அப்போ எல்லா கம்பெனியையும் மூடிட வேண்டியதுதானே?’ என்று டக்கென்று சொல்லிவிடாதீங்க. காலை ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் இந்த ஷூ கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அந்தச் சம்பளத்தில் தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுகிற அக்காக்கள் அவர்களில் உண்டு. அதே ஊரில் கிணறு உப்பாகிப் போய் நிலத்தை விட்ட விவசாயியும் இருக்கிறார். சில வீடுகளில் இந்த ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழேதான் சாப்பிடுகிறார்கள். கெமிக்கல், பயோடெக், சிவில், லா என்று படிக்கிற உங்களுக்கு இதைவிடப் பெரிய ப்ராஜெக்ட் எங்கே கிடைக்கும்?

பெரிய விஷயத்தை ப்ராஜெக்டுக்கு வெச்சுக்குவோம். சின்ன விஷயம் இப்பவே செய்யலாம். சமைக்கிற சாப்பாட்டில் கிருமியை நெருப்பு பார்த்துக்கொள்ளும். சாலட்டில் நெருப்பே கிடையாது. அதனால் காய் கழுவுவதும், ஐஸ் போடுவதும், பூவை ஊறவைப்பதும் குடிக்கிற தண்ணீரில்தான் இருக்கணும். குழாயில் வருகிற உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் உலோகமும் போகாது. கொதித்துத் தண்ணீர் குறையக் குறைய அவை இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். வெட்டிய சாலட்டை ரெண்டு மணி நேரத்துக்குள் காலி பண்ணிவிடுங்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட்டோடு உட்கார்ந்து ஒரு கேரட், ஒரு வெள்ளரி, ஒரு வெங்காயம் வெட்டிப் பாருங்க. முதல் தாமரை கொஞ்சம் கோணலாத்தான் வரும், பரவாயில்லை. மூணாவது, இன்ஸ்டாகிராமுக்கே போகலாம். லெதர் பெல்ட் பக்கம் போகும்போது கல்யாண வீட்டிலோ ஹோட்டலிலோ அழகான வெங்காயப் பூ ஒன்று உங்கள் தட்டுக்கு வந்தால், ‘சூப்பரா வெட்டியிருக்கீங்கண்ணே!’ என்று வெட்டினவருக்கு ஒரு பாராட்டு சொல்லுங்க. சொல்லிவிட்டு, ‘இது எந்தத் தண்ணியில ஊறினதுண்ணே?’ என்றும் மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்க. நாலு பேர் கேட்டாலே கிண்ணத்துத் தண்ணி மாறும். நாலாயிரம் பேர் கேட்டால்... ஆறும் மாறலாம் பாஸ்!