யன்னலடி வாங்கும் மூன்று லாச்சியும்



வீட்டு யன்னலுக்குக் கீழே செய்வித்த வாங்கின் படத்தைப் போட்டதிலிருந்து பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். என்ன மரம், எத்தனை நாள், எவ்வளவு முடிந்தது, ஓடாவி யார்? ஓடாவி நானாவின் நம்பரை அவரிடம் கேட்காமல் இங்கே போட முடியாது. செலவை எழுதினால் அடுத்த மாதமே அது பொய்யாகிவிடும். மரம் வீட்டிலேயே இருந்தது. நான்கு நாள் கூலி, பித்தளை ஸ்குரூ, வார்னிஷ், அவ்வளவுதான். மற்றதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் புத்தி, முதலில் சொல்லில்தான் போய் நிற்கும். யன்னல், வாங்கு, லாச்சி என்ற மூன்று சொல்லும் கப்பலேறி வந்தவை. முதலிரண்டும் போர்த்துக்கேயருடையவை, லாச்சி ஒல்லாந்தருடையது. கதிரை, மேசை, அலுமாரி என்று வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் இதே கதைதான். திருகோணமலையில் 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள், 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடமாக்கச் சொல்கிறோம். அவர்கள் விட்டுப்போனது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்வதில்லை. ஆனால் ஓடாவி நானாவின் பையைத் திறந்து பாருங்கள். உளி, வாள், சீவுளி, கொட்டாப்புளி. எல்லாம் தமிழ். செய்யச் சொன்னவன்தான் வெளியூரான், செய்த கை நம்முடையது.

நம்முடைய வீடுகளில் முன்பு இந்த வேலையைச் செய்தது பெட்டகம். மூடியில் உட்காரலாம், உள்ளே சாமான் வைக்கலாம். உம்மம்மாவுக்கு வீட்டோடு வந்த பெட்டகம் பிறகு உம்மாவுக்கு வந்தது. முதிரை மரம், தூக்க நாலு ஆம்பிளைகள் வேண்டும். அதன் பெருமையும் அதுதான், குறையும் அதுதான். மேலே உட்கார்ந்திருப்பவர் எழும்பினால்தான் திறக்கலாம். எது முக்கியமோ அது அடியில் கிடக்கும், அதை எடுக்க மேலே உள்ள அத்தனையையும் வெளியே எடுக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலையில் அதற்கெல்லாம் யாருக்கு நேரமிருந்தது? கிண்ணியா வைத்தியசாலையையே கடல் அழித்த நாள். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பெட்டகம் அசையவில்லை, வைத்த இடத்திலேயே இருந்தது. வற்றிய பிறகு திறந்தால் காணி உறுதி, வாப்பா உம்மாவின் விவாகப் பதிவு, எங்கள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், எல்லாம் ஒரே கூழ். அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க வாப்பா பட்ட அலைச்சல் இந்த ஊரில் பல வீடுகளில் பட்ட அலைச்சல்தான், நான் சொல்லத் தேவையில்லை. 2006 ஆகஸ்டில் மூதூர்ச் சனம் கந்தளாய்ப் பக்கம் போனபோதும், கைக்கு எட்டியது மட்டும்தான் கூடப் போனது.

இன்றும் பார்க்கிறேன். அடையாள அட்டைக்குப் பாடசாலையில் விண்ணப்பம் நிரப்பும் காலம் வந்தால் பிள்ளைகள் கொண்டுவரும் சான்றிதழ்கள்! கறையான் அரித்தது, மடிப்பில் நாலாகக் கிழிந்தது, பொலித்தீன் பைக்குள் வியர்த்து எழுத்து போனது. "எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டால், "மெத்தைக்குக் கீழ சேர்" என்பார்கள். அதனால்தான் இந்த வாங்கு. உம்மா யன்னலோரம் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓத ஒரு இடம், தாள்களுக்கு ஒரு இடம்.

மரத்துக்கு வருவோம். பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்து அடுக்கிவைத்த தீராந்திகளில் இரண்டு சமண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. இந்த மரத்துக்கு ஆங்கிலேயரின் மர வியாபாரத்தில் 'திருகோணமலை மரம்' என்றே பெயர். நம்முடைய ஊர்ப் பெயரோடு உலகம் சுற்றிய மரம். சாராயப் பீப்பாய்க்கும் இதுதான் (மன்னிக்கவும்!), மெட்ராஸ் கரையில் அலையடியில் ஓட்டிய மசூலாப் படகுகளுக்கும் இங்கிருந்து போனது இதுதான். வளையும், இலேசில் உடையாது. ஆணி அடிக்கப் போனால் ஆணிதான் வளையும், அவ்வளவு இறுக்கம். இன்று புதிதாக வெட்டிய காட்டு மரம் தேடிப் போனால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒரு துண்டும் வண்டியில் ஏற்ற முடியாது. பலா சொந்தக் காணியில் நின்றாலும் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி வெட்ட அனுமதி எடுக்க வேண்டும். அதனால் பழைய வீடு பிரிப்பவர்களிடம் ஒரு வார்த்தை: தீராந்தியையும் நிலையையும் விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். முப்பது நாற்பது வருடம் கூரையில் காய்ந்த மரம் இனிக் கோணாது.

அளவு: நீளம் ஐந்தரை அடி, அகலம் 20 அங்குலம், உயரம் 18 அங்குலம். இதைவிட உயர்ந்தால் வயதானவர்களின் கால் தொங்கும். பெட்டகம்போல நிலத்தோடு ஒட்டாமல் ஐந்து அங்குலக் கால் வைத்தோம். மழைக்கு முற்றத்து வெள்ளம் உள்ளே வந்தாலும் லாச்சிக்கு எட்டாது. விளக்குமாறு உள்ளே போகும், கறையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளித்தான் நிற்கிறது, நம் சுவர்களின் ஈரம் தெரியும்தானே.

லாச்சிக்குக் கடையில் விற்கும் இரும்புச் சனல் போடலாமா என்று கேட்டேன். கடற்காற்றுக்கு அது துருப்பிடித்து இறுகிவிடும் என்று ஓடாவி நானா மரச் சட்டத்திலேயே ஓடவிட்டார், மேலே மெழுகுதிரியால் தேய்ப்பு. லாச்சி மூலைகளில் ஆணி இல்லை. பலகை முனைகளை விசிறி போல வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோர்த்தது. அதற்கே ஒரு முழு நாள் போனது. பக்கத்தில் இருந்து பார்த்தேன். பென்சில் கோட்டின் பாதியை வெட்டி, பாதியை விட்டு வைக்கிறார்.

வேலை நடந்தது கச்சான் காற்று அடிக்கும் நாளில். லாச்சிக்கும் சட்டத்துக்கும் நடுவில் கனத்த அட்டை ஒன்று போய்வரும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. அழகாக இல்லையே என்றேன்.

"சேர், இறுக்கமா வேணுமெண்டா இப்பவே செஞ்சி தாறன். மார்கழியில லாச்சிய இழுக்க என்னையும் கூப்பிடுங்க."

மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில்தான் ஊதும். வாடைக் காற்றும் மழையும் வந்தால் ஈரத்தைக் குடித்து அந்த இடைவெளியை அதுவே நிரப்பிக்கொள்ளுமாம்.

நடு லாச்சியைத்தான் நான் விசேடமாகக் கேட்டேன். மற்ற இரண்டையும்விடச் சிறியது, 15 அங்குலம். முழுதாக வெளியே வரும், தடுப்புக் கட்டை கிடையாது. இரு பக்கமும் துளையிட்டுக் கயிறு கோர்த்திருக்கிறது. இழுத்து, தூக்கி, நடக்கலாம். பாரம் குறைய அடிக்கு மட்டும் பிளைவூட். உள்ளே இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் உறுதி, சான்றிதழ்கள், வாப்பாவின் மரணப் பதிவு, உம்மாவின் கிளினிக் கொப்பி. எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி டவுனில் தங்கச்சி வீட்டில் இருக்கிறது. நிரப்பிய பிறகு உம்மாவைத் தூக்கச் சொன்னேன். வாசல்வரை கொண்டுபோய்த் திரும்ப வந்து வைத்தார். "இதுக்கென்ன, ஒரு குடம் தண்ணிதான்" என்றார்.

மறுநாள் பார்த்தால் உள்ளே ஒரு வெள்ளைப் பொதி. உம்ராவுக்குப் போனபோது ஸம்ஸமில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்த கபன் துணி. இவ்வளவு காலம் பெட்டகத்தின் அடியில் வேறாக வைத்திருந்தாராம். நான் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைச் சற்றுத் தள்ளி இடம் செய்து கொடுத்தேன்.

இடது லாச்சியில் பிள்ளைகளின் குர்ஆன் மத்ரஸா கொப்பிகள், வலதில் வெற்றிலைத் தட்டும் போர்வையும். அவை இரண்டும் இப்போதே நிரம்பிவிட்டன.

செய்ய நினைப்பவர்கள் கச்சான் முடிய முன்னர் மரத்தை அறுத்து வையுங்கள். அட்டை இடைவெளி சரியா பிழையா என்பதை மார்கழி மழையில் லாச்சியை இழுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.