வெள்ளை நாடா

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தா இருந்திருப்பார். சாய்வு நாற்காலி, வெற்றிலைப் பெட்டி, மூக்குப் பொடி டப்பி என்று அவருக்கும் சில சொத்துக்கள் இருந்திருக்கும். என் தாத்தாவின் சொத்து அலாதியானது. ஒரு நாடா உருண்டை! பழைய வேட்டிகளை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, முனையோடு முனை முடிந்து, பந்து போல் சுற்றி வைத்திருப்பார். அதை யாரும் தொடக் கூடாது.

எங்கள் ஊர் வேலூருக்குத் தெற்கே ஒரு கிராமம். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவே அங்கே கிடையாது. தாத்தா 1940-ல், தம் இருபதாவது வயதில், பெங்களூருக்குப் போய் மதராஸ் ஸாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், பகைவன் புதைத்த கண்ணி வெடிகளை எடுப்பதும் அந்தப் படையின் வேலை. 1780-ல் தோன்றிய படை அது. அதன் வீரர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. தாத்தா வட ஆப்பிரிக்காவுக்கும் பிறகு இத்தாலிக்கும் போய்விட்டு, 1946-ல் ஊர் திரும்பினார்.

யுத்தக் கதை கேட்கப் பேரன் பேத்திகள் நாங்கள் காத்துக் கிடப்போம். ஒரு குவளைத் தண்ணீரில் பல் துலக்கி, முகம் கழுவி, சவரமும் செய்துகொண்ட சாமர்த்தியத்தைச் சொல்லுவார். இத்தாலியின் திராட்சைத் தோட்டங்களைச் சொல்லுவார். அதற்கு மேல் கேட்டால், "போய் விளையாடுங்க" என்பார். அவ்வளவுதான்.

ஆனால் வயல் வரப்பில் நடக்கும்போது அவர்தான் முன்னால் போவார். "என் காலடியிலேயே கால் வச்சு வா, பாப்பா" என்பார். இருட்டியதும் நாடா உருண்டை வெளியே வரும். புழக்கடைத் தூணில் ஒரு முனையைக் கட்டுவார். மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக் கிணற்றடி வரை முளைக்குச்சி அடித்து நாடாவை இழுத்துக் கொண்டே போவார். துவைக்கிற கல்லோடு நிறுத்தினால் போதாதோ? அதையும் தாண்டி ஒரு முழம் போகும். இரவில் எழுந்து போகிறவர்கள் அந்த வெள்ளைக் கோட்டை விட்டு விலகக் கூடாது என்பது அவர் உத்தரவு.

எனக்குப் பதினாலு வயதானபோது, கோடை விடுமுறைக்குப் பட்டணத்துத் தோழிகள் இருவர் என்னுடன் வந்தார்கள். முளைக்குச்சியும் கல்லுமாகத் தாத்தா குனிந்து நிற்பதைப் பார்த்து, "இது என்னடி?" என்று கேட்டாள் ஒருத்தி. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "எங்க தாத்தா எருமை மாட்டுக்கு வழி போடறார்!" என்றேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

தாத்தா காதில் அது விழுந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. நாடாவை மெதுவாகச் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிரவு அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு புழக்கடைப் படியில் உட்கார்ந்தவர், விடிகிற வரையில் எழுந்திருக்கவில்லை. யாராவது எழுந்து வந்தால், விளக்கோடு முன்னால் நடந்தார்.

மறுநாள் ஆயா புளி ஆய்ந்துகொண்டே என்னைக் கூப்பிட்டாள். (எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம்.)

"நேத்து சிரிச்சியாமே? கேளு. அங்கே பாலைவனத்திலே மண்ணுக்குள்ளே வெடி புதைச்சிருப்பானாம். உங்க தாத்தா ராத்திரியிலே குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கத்தியைச் சாய்வா மண்ணிலே குத்திக் குத்திப் பார்க்கணும். இரும்பு தட்டினா விரலாலே தோண்டி எடுக்கணும். எடுத்த வழிக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா. பின்னாலே வர்றவங்க அதுக்குள்ளேதான் கால் வைக்கணும். ஒரு நாள் நாடா தீர்ந்து போச்சு. ஒரு முழந்தான் குறைச்சல். வேற நாடா எடுக்கத் திரும்பினாரு. பின்னாலே வந்த பையன், நம்ம பக்கத்துப் பையன், பத்தொன்பது வயசு, ஒரு எட்டு தள்ளி வச்சுட்டான்..."

ஆயா மேலே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஒரு முழத்தை இன்னும் அளந்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்றாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதினாலு வயதுக் கர்வம்! அன்று மாலை நானே நாடா உருண்டையை எடுத்துத் தூணில் கட்டினேன். குச்சி அடித்துக்கொண்டே போய்த் துவைக்கிற கல்லருகே நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால் தாத்தா நிற்கிறார். நான் கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு முழம் விடு, பாப்பா" என்றார்.

பிற்காலத்தில் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1942-ல் எல் அலமீன் போர்க்களத்தில் மட்டும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட கண்ணி வெடிகள் புதைந்திருந்தனவாம். அதே மதராஸ் ஸாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ம் தேதி இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில், வெடிக்கப் போன கண்ணியின் மேல் தாமே விழுந்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் துறந்தார். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் அளித்தார்கள். காஞ்சிபுரத்துப் பக்கத்துக் கிராமத்து மனிதர் அவர். தாத்தா இதையும் எங்களிடம் சொன்னதில்லை.

தாத்தா 1989-ல் காலமானார். அன்றிரவு வீடு நிறைய உறவினர். புழக்கடையில் மின்சார விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஆயா என்னைத் தேடி வந்து, நாடா உருண்டையைக் கையில் கொடுத்தாள். நான் கட்டினேன், ஒரு முழம் கூடவே விட்டு.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் ஏதாவது ஒரு வேடிக்கையான வழக்கம் இருக்கலாம். கதவை மூன்று தரம் தாழிட்டுப் பார்ப்பவராக இருப்பார்; தட்டில் ஒரு பருக்கை மிஞ்ச விடாதவராக இருப்பார். சிரிப்பதற்கு முன்னால், "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காமல் சிரித்தவள் சொல்கிறேன்.