ஜூ டவுனில் ஒரு பல்லாங்குழி

மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடைகளில் விலை பேசப்படுவது பொருளின் வயதுக்கு. விளையாட வாங்குகிறவர்கள் கலந்தாலோசிக்க வேண்டியது தங்கள் கைகளை.

கொச்சி ஜூ டவுன் தெருவில் இரண்டு வாசனைகள் ஓயாமல் போட்டி போடுகின்றன. ஒன்று மிளகு, சுக்கு, ஏலக்காயின் வாசனை. மற்றது, பழைய மரத்துக்கு எண்ணெய் பூசினால் எழும் வாசனை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அடுத்தாற்போல் கிடக்கும் இந்தக் குறுகலான தெருவில் ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் வசித்தன. இன்று அந்த வீடுகளில் பெரும்பாலானவை கடைகள். சில ஜன்னல் கம்பிகளில் மட்டும் ஆறுமுனை நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. அதன் கீழே வெண்கல உருளி, தொங்கு விளக்கு, பித்தளைப் பூண் போட்ட நெட்டூர் பெட்டி, ஊறுகாய்ப் பரணி, எங்கோ இடிக்கப்பட்ட வீட்டின் தூண், கதவு என்று சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. "உள்ளே வாங்க சேச்சி, பார்க்கக் காசு வேண்டாம்" என்று அழைப்பு வருகிறது. முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் இங்கே பலருக்கு உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்கள் உருளியையும் விளக்கையும் தாண்டி ஒரு பொருளிடம் நின்றுவிடுகின்றன. அது பல்லாங்குழி. மரத்தில், பித்தளையில், மீன் வடிவில், நடுவே கீல் வைத்து மடக்கும்படி என்று விதவிதமாகக் கிடைக்கிறது. பாட்டி வீட்டு நினைவு வந்துவிட்டால் பேரம் பாதி தோற்றதற்குச் சமம். "நூறு வருஷத்துப் பலகை" என்ற ஒரு வார்த்தையில் மீதியும் தோற்றுப்போகும். வாங்கியவர் அதை வரவேற்பறைச் சுவரில் மாட்டுவார். ஒருநாளும் அதில் ஒரு காய் விழாது.

தவறு பணத்தில் இல்லை, வாங்கும் முறையில் இருக்கிறது. பல்லாங்குழி ஓர் ஓவியம் அல்ல, கையில் பழக வேண்டிய கருவி. வீடியோ கேம் விளையாடும் பையன்களிடம் கேட்டால் இதை எளிதாக விளக்குவார்கள். கன்ட்ரோலர் வாங்கும்போது அவர்கள் முதலில் பார்ப்பது கட்டைவிரல் குமிழைத் தொடுகிறதா, அரைமணி நேரம் பிடித்தால் மணிக்கட்டு வலிக்குமா என்பதைத்தான். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இந்தப் பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது. 2001-ல் அமெரிக்காவில் அது வெளியிட்ட எக்ஸ்பாக்ஸின் கன்ட்ரோலர் பலருக்குக் கைக்கு அடங்காத அளவு பெரிதாக இருந்தது. ஜப்பானுக்காக 2002-ல் சிறிய கன்ட்ரோலர் ஒன்றைச் செய்தார்கள். கொஞ்ச காலத்திலேயே மற்ற நாடுகளிலும் பெரியதை ஓரங்கட்டிவிட்டு அதையே பெட்டியோடு கொடுக்க ஆரம்பித்தார்கள். இயந்திரம் எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும் கடைசித் தீர்ப்பு கையுடையது.

பல்லாங்குழிக்கும் அதே நீதி. இரண்டு வரிசை, வரிசைக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 காய் வைத்து ஆடினால் 70 காய்கள் வேண்டும்; 6 வைத்து ஆடும் ஊர்களில் 84. ஆட்டக்காரர் ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வார். அடுத்தது வெறுங்குழியானால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்ததில் இருப்பதைத் தனதாக்கிக்கொள்வார். குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு'. ஊருக்கு ஊர் விதி மாறும். ஆனால் அள்ளுவதும் போடுவதும் தடவுவதும் எங்கும் உண்டு. ஆகவே கடையில் செய்ய வேண்டிய சோதனைகளும் இந்த மூன்றுதான்.

முதலில் அள்ளுதல். நான்கு விரல்களையும் சேர்த்துக் குழியில் விட்டால் அடி தட்ட வேண்டும். ஒரே அள்ளில் எல்லாக் காய்களும் வர வேண்டும். குழி ஆழமாகவும் வாய் குறுகலாகவும் இருந்தால் கடைசி இரண்டு காய்களை நகத்தால் தோண்ட நேரும். அலங்காரத்துக்கென்றே செய்த பலகைகள் பல இந்தச் சோதனையில் தோற்றுவிடும். குழந்தைக்கு வாங்கினால் குழந்தையின் கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். முடக்குவாதம் உள்ள பெரியவர்களுக்கு அகலமான, ஆழம் குறைந்த குழியும், சோழி போன்ற பெரிய காயும் நல்லது.

இரண்டாவது, எட்டுதல். காய் போட்டுக்கொண்டே போகிறவர் எதிராளியின் வரிசையையும் சுற்றி வர வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்தபடி, உடம்பை வளைக்காமல் எதிர்வரிசையின் மூலைக்குழியைக் கை தொட வேண்டும். குழியின் வாய் 2 அங்குலம், இடைச்சுவர் அரை அங்குலம் என்று வைத்தால் பலகை சுமார் 18 அங்குலம் நீளும். குழி 3 அங்குலமானால் 25 அங்குலம். ஏழு அங்குல வித்தியாசம் காகிதத்தில் சின்னது. ஒரு மணி நேர ஆட்டத்தில் இடுப்புக்குத் தெரியும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தரையில் வைத்து உட்கார்ந்து பார்ப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஒரு வசதி, இடக்கைக்காரர்கள் தனிப் பலகை தேட வேண்டாம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பலகை ஒன்றுதான்.

மூன்றாவது, தடவுதல். குழியின் அடியில் விரலை ஓட்டினால் உளியின் சிராய் குத்தக் கூடாது. விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். கீல் வைத்த பலகையானால் விரித்தபின் நடுவில் ஆடுகிறதா, கீலில் விரல் மாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பித்தளைப் பலகை அசையாது, அழகாக ஒலிக்கும். ஆனால் தூக்கி வைத்து எடுக்கத் தெம்பு வேண்டும். ஈட்டி மரமும் கனம்தான். அன்றாட ஆட்டத்துக்குப் பலா மரம் ஏற்றது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகிவந்த அதே மரம். புதிதில் மஞ்சளாக இருந்து வருஷம் ஏற ஏறப் பழுப்பாகும்.

இதே விரல்தான் வயதையும் ஓரளவு சொல்லும். நிஜமாகவே விளையாடித் தேய்ந்த பலகையில் தேய்மானம் சமமாக இருக்காது. குழியின் அடியும் கை உரசும் விளிம்பும் வழவழவென்றிருக்கும். கை போகாத மூலையும் அடிப்பக்கமும் சொரசொரப்பாகவே இருக்கும். பலகை முழுக்க ஒரே கறுப்பு, ஒரே மினுமினுப்பு என்றால் அது பாட்டியின் கைவண்ணம் அல்ல, பாலிஷின் கைவண்ணம் என்று சந்தேகிக்கலாம். புதிதாகச் செய்ததில் தப்பேயில்லை. புதுப் பலகைக்குக் கொடுக்கும் பணம் இன்றும் உளி பிடிக்கும் ஒரு தச்சருக்கு வேலை தருகிறது. புதியதைப் பழையது என்று சொல்லும்போதுதான் பணப்பை அநியாயமாக இளைக்கிறது.

பட்ஜெட்டைப் பொறுத்தவரை ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டால் போதும். பொதுவாக, லேசான மரத்தில் செய்த மடக்குப் பலகை மலிவு. ஒரே கட்டையில் குடைந்த பலகை அடுத்த படி. அதற்கு மேல் ஈட்டி மரமும் பித்தளையும். எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 'பழசு' என்ற சொல். முதல் மூன்றில் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கையில் ஏதாவது தெரியும். நான்காவதில் கொடுப்பது கதைக்கு. கதை வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம், அது கதைக்கான விலை என்ற தெளிவோடு. புறப்படுமுன் சொந்த ஊரில் பூம்புகார் போன்ற அரசுக் கைவினைக் கடையில் மரச்சாமான்களின் விலையை ஒரு நடை பார்த்து வந்தால், ஜூ டவுனில் சொல்லப்படும் முதல் விலை பேரத்தின் தொடக்கமே என்பது புரியும்.

கதையை நம்பி வாங்குவதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, கடந்த காலத்தின் கலை, கைத்தொழில், வழக்கங்களைக் காட்டும் பொருள் 100 ஆண்டுக்குக் குறையாததானால் அது தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சிங்கப்பூர் பேத்திக்கோ அமெரிக்க மருமகளுக்கோ பரிசாக அனுப்ப நினைப்பவர்களுக்கு, கடைக்காரர் பெருமையோடு சொல்லும் "150 வருஷம்" பாராட்டு அல்ல, எச்சரிக்கை. சந்தேகமிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம், 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அனுப்பும் பலகைக்குப் புதுசு என்று ரசீது வாங்குவதே நிம்மதி.

சட்டமும் பணமும் இருக்கட்டும். பொருளை அதன் உபயோகத்திலிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பதை ஜூ டவுனைவிடத் தெளிவாகச் சொல்லும் தெரு குறைவு. தெருவின் கோடியில் இருக்கும் பரதேசி யூதத் தொழுகைக்கூடம் 1568-ல் கட்டப்பட்டது. மணிக்கூண்டு 1760-ல் எழுந்தது. கையால் வரைந்த நீல வெள்ளைச் சீன ஓடுகள் தரையில் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் வயது வந்த 10 ஆண்கள் கூடினால்தான் யூதர்களின் கூட்டுத் தொழுகை முழுமையாகும். 1948-ல் இஸ்ரேல் பிறந்தபின், 1950-களிலிருந்து கொச்சி யூதர்கள் அலை அலையாகப் புறப்பட்டுப் போனார்கள். வெளியூர் யூதப் பயணிகள் வந்தால்தான் எண்ணிக்கை நிறையும் என்ற நிலை வந்தது. யார்முல்கா தொப்பிகளிலும் ரொட்டி மூடும் துணிகளிலும் பூத்தையல் போட்டு விற்றுக்கொண்டிருந்த சாரா கோஹன் 2019-ல் தமது 96-வது வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவரைத் தாய்போல் கவனித்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். தொழுகைக்கூடத்தைக் காத்துவந்த குவீனி ஹல்லேகுவா 2024-ல் மறைந்தார். விளக்குகளும் ஓடுகளும் குறையாமல் இருக்கின்றன. கைகள்தான் இல்லை.

அதே மட்டாஞ்சேரியில் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் கதை இன்னும் கசப்பானது. அதன் உள்ளே இருந்த மரவேலைப்பாடுகள் ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளன. ஆள் புழங்காத கட்டடத்தின் முன்பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. அருங்காட்சியகம் பொருளைக் காப்பாற்றும். பழக்கத்தைக் காப்பாற்ற அதனால் முடியாது.

பத்துப் பேரைத் திரட்டுவது ஒரு தெருவின் கையில் இல்லாமல் போயிருக்கலாம். பல்லாங்குழிக்கு இரண்டு பேர் போதும். அந்த இரண்டு பேர் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பது இன்னும் நல்ல சேதி. துளு நாட்டில் இது சென்னெ மணெ. ஆந்திரத்தில் வாமன குண்டலு. இலங்கைச் சிங்களர்கள் புத்தாண்டையொட்டி ஒலிந்த கெலிய என்று ஆடுகிறார்கள். மலாய் நாடுகளில் சொங்காக். ஆப்பிரிக்காவில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டங்கள் ஏராளம். பலகை இல்லாத இடங்களில் மண்ணில் குழி பறித்தே ஆடுவார்கள். அவர்களிடம் போய்ப் பலகையின் வயதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஜூ டவுனுக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, அன்று தொழுகைக்கூடம் மூடியிருக்கும். எர்ணாகுளத்திலிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிட தூரம். காலையிலேயே போனால் கூட்டமில்லாமல் பலகையைத் தரையில் வைத்துப் பார்க்கக் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். பலகையோடு குன்றிமணியும் கொடுத்தால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். கறுப்புப் பொட்டு வைத்த அந்த அழகான சிவப்பு விதையைக் கடித்து விழுங்கினால் விஷம். குருவாயூர் கோயிலில் குழந்தைகள் உருளியில் கைவிட்டு அளையும் மஞ்சாடி வேறு, குன்றிமணி வேறு. மஞ்சாடி கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. ஊர் திரும்பியதும் கொட்டை எடுக்காத புளியாக வாங்கி, குழம்புக்குக் கரைக்கும்போதெல்லாம் கொட்டையை அலம்பிக் காயவைத்தால் போதும். எழுபது சேர அதிக நாள் ஆகாது.