மார்கழிப் பனியும் மொட்டைமாடி டேப்பும்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் இருக்கிறது நெல்லிக்குப்பம். கரும்பும் சர்க்கரை ஆலையும்தான் ஊருக்கு அடையாளம். அங்கே போய், "குளிர்காலத்தில் டேப் ஒட்டாது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் சிரிப்பார்கள். ஸ்வெட்டருக்கே வேலை இல்லாத ஊரில் டேப்புக்கு என்ன குளிர்? ஆனால் விஷயம் அவ்வளவு லேசானது இல்லை.

முதலில், எந்த டேப்? மொட்டைமாடித் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, தகரக் கூரை சுவரில் போய் முட்டும் இடம், ஜன்னல் சட்டத்தின் விளிம்பு... வீடு பெரும்பாலும் இங்கேதான் ஒழுகும். வெயிலில் தளம் ஒரு மாதிரி விரியும், சுவர் வேறு மாதிரி விரியும். நடுவில் விரிசல் விழும். அந்த விரிசலை மூடத்தான் பின்பக்கத் தாளை உரித்து ஒட்டுகிற வாட்டர்புரூஃப் டேப். உள்ளே தார் கலந்த ரப்பரோ பியூட்டைல் ரப்பரோ இருக்கும். மேலே அலுமினியத் தாள். அது பளபளப்புக்காக இல்லை. நேரடி வெயில் பட்டால் தார் இறுகி வெடித்துவிடும், அதைத் தடுக்கத்தான்.

இந்தப் பசை ஒட்ட வேண்டுமானால், அழுத்தும்போது கொஞ்சம் நெகிழ்ந்து பரப்பின் நுண்ணிய குழிகளில் இறங்க வேண்டும். குளிரில் அது விறைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள், 24 டிகிரி அளவில் உறைந்து நிற்கும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் வராது. தார் டேப்புகளுக்கு அந்த அளவு குளிர் பிரச்சினையே இல்லை. பொதுவாக 4, 5 டிகிரிக்குக் கீழே போனால்தான் ஒட்ட வேண்டாம் என்பார்கள். அக்ரிலிக் பசை போட்ட சில வகைகள் பூஜ்யத்துக்குக் கீழேயும் ஒட்டும். பனி கொட்டும் நாடுகளில் டேப் உருளையைக் கடைசி நிமிடம் வரை சூடான அறையில் வைத்திருப்பார்கள். சுவரில் பிரைமர் பூசி, சூடான காற்றடித்து, அதன்பிறகே ஒட்டுவார்கள்.

நம் மாநிலத்தில் அந்தக் கவலை ஊட்டிக்காரர்களுக்குத்தான் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, ஜனவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். அங்கே காலை ஏழு மணிக்கு டேப்பை உரிப்பது காசைக் கரியாக்குவதுதான்.

சரி, நெல்லிக்குப்பத்துக்கு என்ன? இங்கே எதிரி குளிர் இல்லை, ஈரம். இரவில் தகரமும் சிமெண்டும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தகரமோ சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதனால்தான் மழையே பெய்யாத மார்கழிக் காலையிலும் கூரையில் கை வைத்தால் நனைகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நீர்ப்படலத்தின் மேல் டேப் ஒட்டினால், அது தகரத்தைத் தொடவே இல்லை, தண்ணீரைத்தான் தொடுகிறது.

புயல் வரும் நேரமும் இதுவாகவே இருக்கிறது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கடந்தது. கூரை பறந்த வீட்டுக்காரர் பத்து நாள் காத்திருப்பாரா? அடுத்த மழைக்குள் எதையாவது ஒட்டிவிடத்தான் பார்ப்பார். அவசரம் நியாயமானதே. ஆனால் ஈரச் சுவரில் ஒட்டிய டேப் வெயில் ஏறியதும் கொப்பளிக்கும், ஓரம் கிளம்பும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி விரிசல் வழியாகக் கம்பிக்குப் போகும். துருப்பிடித்த கம்பி பருத்துக் காரையைப் பிளக்கும். கடைசியில் கூரைக்காரை பெயர்ந்து, கீழே படுத்திருப்பவர் மேல் விழும். நூறு இருநூறு ரூபாய் டேப்தானே என்று விட முடியாததற்குக் காரணம் இதுதான்.

அவசரத்துக்குத் தார்ப்பாய் கட்டி மண்மூட்டை வையுங்கள். டேப்புக்கு வெயில் வரட்டும். தளம் காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்தபின் பாசியையும் பழைய சுண்ணாம்பையும் சுரண்டித் தூசி துடைக்க வேண்டும். நெய்வேலிப் பக்கம் சாம்பல் தூசியும் சேர்ந்துகொள்ளும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைப்பது நல்லது. பிரைமர் பூசிக் காயவிட்டு, காலை பத்து மணிக்கு மேல், வாட்டம் இறங்கும் பக்கமிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேல்துண்டு கீழ்த்துண்டின் மீது ஏற வேண்டும், கூரையில் ஓடு அடுக்குவது போல. ரோலரால் நன்றாக அழுத்த வேண்டும், கையால் தடவிவிட்டால் போதாது. சுவரில் ஏறும் மேல் ஓரத்தை ஒரு காடி வெட்டிச் செருகிப் பூசிவிட்டால் தண்ணீர் பின்னால் போகாது.

அந்தக் காலத்தில் மெட்ராஸ் டெரஸ் போட்டவர்கள் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்தார்கள். மழை நாளில் அந்த வேலையை யாரும் தொடமாட்டார்கள். இப்போது வேலை ஒரு மணி நேரம்தான், காத்திருப்பதுதான் மிச்சம்.

தை பிறந்து பனி விலகியதும் ஒருநாள் மாடிக்கு ஏறி அந்த மூலைகளைப் பாருங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்!