பக்கத்து ஆய்வகத்திலிருந்து வந்த கேள்வி

கோட்பாட்டு வேதியியலில் ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில், ரோல்ட் ஹாஃப்மன் எழுதிய கட்டுரைகளின் பட்டியலை என் நெறியாளர் கையில் கொடுத்தார். ஐந்நூறுக்கும் மேல். “எண்ணிக்கிட்டு இருக்காதப்பா. கூட எழுதினவங்க பேரை வருஷ வரிசையில படி” என்றார்.

படித்தேன். 1963இல் நீட்டித்த ஹுக்கல் முறை பற்றிய கட்டுரை. அதில் ஹாஃப்மன் பெயர் மட்டும்தான். 1965இல் ராபர்ட் வுட்வர்டின் பெயர் வருகிறது. அந்த ஓராண்டில் ஹாஃப்மனும் அவரும் ஐந்து சிறு கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறார்கள். ஹார்வர்டில் வைட்டமின் பி12ஐச் செயற்கையாக உருவாக்கும் வேலையில் இருந்தார் வுட்வர்ட். அந்த வேலையில், திறந்த கார்பன் சங்கிலி வளையமாக மூடும்போது, சூடாக்கினால் ஒரு வடிவமும் ஒளி பட்டால் வேறொரு வடிவமும் கிடைத்தன. சங்கிலியின் இரு முனைகளும் ஒரே திசையில் திரும்பி இணையுமா, எதிரெதிராகத் திரும்பி இணையுமா? எலக்ட்ரான்களின் எண்ணிக்கையையும், வெப்பமா ஒளியா என்பதையும் வைத்து, ஆர்பிட்டால்களின் சமச்சீரே அதை முடிவு செய்கிறது என்று இருவரும் காட்டினார்கள். ஹாஃப்மனின் முறை தரும் ஆற்றல் அளவுகள் அப்படியொன்றும் துல்லியமானவை அல்ல. ஆனால் எது ஏன் நடக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதுவே வுட்வர்டுக்குத் தேவைப்பட்டது. 1981இல் ஹாஃப்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஜப்பானின் கெனிச்சி ஃபுக்குயியுடன். வுட்வர்ட் 1979இலேயே இறந்துவிட்டார்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் பெயர்கள் மாறிக்கொண்டே போகின்றன. 1970இல் ஆல்டர், வில்காக்ஸ்: நான்கு பிணைப்புகளும் ஒரே தளத்தில் அமையும் கார்பன் சாத்தியமா என்ற கேள்வி. பிறகு உலோகக் கரிமச் சேர்மங்கள், திண்மங்கள். பிற்காலத்தில், ஹாஃப்மன் பணியாற்றிய கார்னெல் பல்கலைக்கழகத்திலேயே இருந்த இயற்பியலாளர் நீல் ஆஷ்கிராஃப்டுடன், கடும் அழுத்தத்தில் பொருள்கள் என்ன ஆகின்றன என்ற ஆய்வு. அந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பரிசு வாங்கி இருபதாண்டு கழிந்த பின்னும் ஒருவர் வேறு துறைக்காரரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார்.

என்னிடம் வந்த முதல் கேள்வி நிக்கலைப் பற்றியது. பக்கத்து ஆய்வகத்தில் இருந்த சீனியர் அக்கா, சாலிசிலால்டிமின் வகை லிகண்டுகளைக் கொண்டு நிக்கல் அணைவுகள் செய்துகொண்டிருந்தார். நைட்ரஜன்மேல் இருக்கும் தொகுதி சிறியதாக இருந்தால் நான்கு பிணைப்பும் ஒரே தளத்தில் அமையும். தொகுதி பருமனானால் அமைப்பு முறுக்கிக்கொண்டு நான்முகியாகும். நிறம் மாறும், இணையற்ற எலக்ட்ரான்கள் இரண்டு தோன்றும். இது பாடநூலில் உள்ளதுதான். அவர் கேட்டது வேறு: “இந்த ரெண்டு வடிவத்துக்கும் நடுவுல நிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணணும். எந்த இடத்துல கை வைக்கட்டும்?”

பி3எல்ஒய்பி முறையில் கணக்கிட்டு, ஆற்றல் வித்தியாசங்களை அட்டவணையாகக் கொண்டுபோனேன். நன்றாகப் பார்த்தார், மடித்து வைத்தார். பிறகு ஆர்பிட்டால் படங்களைக் கேட்டார். காலியான டி ஆர்பிட்டாலின் ஒரு மடலைச் சுட்டி, “இது லிகண்ட் பக்கம் இவ்வளவு சாயுதே, பென்சீன் வளையத்துல நைட்ரோ போட்டா என்னாகும்?” என்றார். அந்த மாலை முழுவதும் அந்த மடலைப் பற்றியே பேசினோம். அட்டவணையில் இருந்த எண்களைவிட, அவர் அடுத்து எதைச் செய்து பார்ப்பார் என்பதே என் வேலையின் பயன் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அவர் செய்த மாதிரிகளில் ஒன்று கரைசலில் நாங்கள் எதிர்பார்த்தபடி நடந்தது. படிகமானதும் வேறு வடிவம் எடுத்தது. என் கணக்கில் இருந்தது தனி மூலக்கூறு. படிகத்தில் அண்டை மூலக்கூறுகள் நெருக்குகின்றன. அங்கிருந்துதான் என் ஆய்வேட்டின் பாதி பிறந்தது.

நான் பயன்படுத்திய முறையின் பெயரில் உள்ள ‘எல்ஒய்பி’ மூவரைக் குறிக்கிறது: லீ, யாங், பார். அவர்களின் 1988ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு, உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளை நேச்சர் இதழ் 2014இல் பட்டியலிட்டபோது ஏழாம் இடம் கிடைத்தது. குடுவையும் அடுப்புமாக உழைப்பவர்கள் எத்தனையோ பேர் அந்தக் கட்டுரையிலுள்ள சமன்பாட்டைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் கட்டுரைகளில் அது வேலை செய்கிறது. இதையும் கூட்டுழைப்பு என்றே நான் சொல்வேன்.

வேலைக்கான நேர்காணல்களில் கூட்டுழைப்புக்கு மதிப்பு குறைவு. ஆறு பெயர்களுக்கு நடுவே என் பெயர் இருந்த கட்டுரையைக் காட்டி, “இதுல உங்க பங்கு என்ன?” என்று ஒரு குழு கேட்டது. நிக்கல் கதையைச் சொன்னேன். முதல் பெயராக வந்தவை எத்தனை என்று அடுத்த கேள்வி வந்தது. அப்படிக் கேட்பது தவறான அளவுகோல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முதல் பெயரை மட்டும் எண்ணினால், இளைஞர்கள் பக்கத்து ஆய்வகத்தின் கதவைத் தட்டவே தயங்குவார்கள்.

இப்போது என் மாணவர்கள் கட்டுரை அனுப்பும்போது, யார் என்ன செய்தார் என்ற பங்களிப்புக் குறிப்பை நானே சரிபார்க்கிறேன். கேள்வியோடு வந்தவரைக் குறிக்க அந்தப் படிவத்தில் தனிக் கட்டம் கிடையாது. ‘கருத்துருவாக்கம்’ என்ற தலைப்பின் கீழ் அவர் பெயரை முதலில் எழுதச் சொல்கிறேன்.