முல்கிரிகலப் படிகள்

இலங்கைக்குப் போகிறேன் என்றதும் அம்மம்மா மகிழ்ந்தார். முல்கிரிகல விகாரைக்கும் போவேன் என்றதும் முகம் சுருங்கியது. “அங்கை உனக்கு என்ன வேலை மோனை?”

யாழ்ப்பாணத்திலிருந்து மணமகளாக மலாயாவுக்கு வந்தவர் அவர். 1983 கலவரத்தில் உறவுகளை இழந்தவர். எங்கள் வீட்டில் மகாவம்சம் என்ற பெயரைக் கோபமில்லாமல் யாரும் சொன்னதில்லை. அந்தப் பாலி நூலின் பொருள் விளங்க உதவிய உரைச்சுவடி, 1826இல் ஜார்ஜ் டேர்னர் என்ற ஆங்கில அதிகாரிக்குக் கிடைத்தது முல்கிரிகலவிலிருந்துதான். அவருடைய மொழிபெயர்ப்பு 1837இல் வெளிவந்தது. எனக்கு அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

தங்காலைக்கு வடக்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே, சுமார் 205 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பாறை. படிகள் 533. பத்துமலையின் 272 படிகளைத் தைப்பூசந்தோறும் ஏறுகிறவன் என்ற என் தெம்பு பாதி வழியிலேயே கரைந்துவிட்டது! குகைகளுக்குள் சயனித்திருக்கும் புத்தர்களும் சுவரெங்கும் ஜாதகக் கதை ஓவியங்களும் இருந்தன. வெளியே வந்தால் வெறுங்காலைச் சுடும் கல்.

என்னோடு ஏறிய வெள்ளுடைப் பெரியவர் ஒருவர், எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். “மலேசியா.” “மலாய்க்காரரா?” தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்? போர் 2009இலேயே முடிந்துவிட்டது. அவர் முகத்திலும் பகை இல்லை. அதன்பின் ஒவ்வொரு படியும் கனத்தது.

உச்சியில் வெள்ளைத் தாதுகோபம், கண்ணெட்டும் தூரம் பச்சை, ஆளைத் தள்ளும் காற்று. பெரியவர் தம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். குடித்துவிட்டு, “ஐயா, நான் தமிழன்” என்றேன். ஒரு கணம் பார்த்தார். “எல்லாளனின் ஆள்!” என்று சிரித்தார்.

பிறகு அவர் சொன்ன கதையை நான் தமிழ்ப்பள்ளியில் மனுநீதிச் சோழன் கதையாகப் படித்திருந்தேன். தேர்க்காலில் கன்று சாகிறது, பசு மணியை அடிக்கிறது, அரசன் மகனுக்கும் அதே தண்டனை. மகாவம்சத்தில் அந்த அரசன் எல்லாளன். பகைவனுக்கும் நண்பனுக்கும் ஒரே நீதி வழங்கியவன் என்று புகழ்கிறது நூல். அவனைக் கொன்ற துட்டகைமுனுவே அவன் சமாதிக்கு மரியாதை செய்யச் சொன்னானாம். அவ்வழியே போகும் மன்னர்கள் வாத்தியங்களை நிறுத்திவிடுவார்களாம்.

அன்றிரவு அம்மம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தலையாட்டியதையும் மறைக்கவில்லை. வெகுநேரம் பேச்சில்லை.

“அதை அந்தப் புத்தகத்திலையே எழுதி வச்சிருக்கினமோ?” என்றார்.