கவிழ்தலும் திரும்புதலும்

கடவுள் அன்பே உருவானவர் என்றால், மனந்திரும்பும்படி அவர் ஏன் எச்சரிக்க வேண்டும்? எச்சரிக்கை மெய்யென்றால் பொறுமைக்கு என்ன பொருள்? கிறித்தவ இறையியலில் மீண்டும் மீண்டும் எழும் இவ்வினாவை, எபிரேய விவிலியத்தின் சிறு நூலொன்று முன்னரே எழுப்பியிருக்கிறது. அது 4 அதிகாரங்களே கொண்ட யோனாவின் நூல்.

நினிவேக்குச் சென்று எச்சரிக்குமாறு பணிக்கப்பட்ட யோனா எதிர்த்திசையில் கப்பலேறுகிறார். நினிவே அசீரியரின் பெருநகர், கி.மு. 722 அளவில் வட இசுரயேல் அரசை அழித்தவர்கள் அசீரியர்கள். யோனா ஓடியது அச்சத்தால் அன்று. கடவுள் அந்நகரை மன்னித்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். 4ஆம் அதிகாரத்தில் அதையே அவர் குற்றச்சாட்டாக வைக்கிறார்: நீர் இரக்கமுள்ளவர், பொறுமையுள்ளவர், ஆகவேதான் ஓடினேன் என்பது அவர் வாதத்தின் சாரம். கொடியவனிடம் காட்டும் பொறுமை, அவனால் நசுக்கப்பட்டவனுக்கு இழைக்கும் அநீதியாகாதா? எளிதில் புறந்தள்ள இயலாத கேள்வி இது.

பொறுமைக்கு எபிரேயம் வழங்கும் தொடர் 'எரெக் அப்பாயிம்'. 'அப்' என்றால் மூக்கு, சினமும் அதுவே. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பேசும் தமிழருக்கு இவ்வுறவு புதிதன்று. நீண்ட மூக்குடையவர் என்ற தொடருக்கு, சினம் எழ நெடுநேரம் ஆகுபவர் என்பது பொருள். எனவே பொறுமை சினத்தின் இன்மை அன்று. சினத்திற்கு முன் நீட்டித் தரப்படும் காலம். அக்காலம் எதற்கு என்பதை எச்சரிக்கை சொல்கிறது.

நினிவே மன்னனின் ஆணை இதைத் தெளிவாக்குகிறது. ஒவ்வொருவரும் தம் கைகளிலுள்ள வன்முறையை விட்டுத் திரும்ப வேண்டும் என்கிறான் அவன். வருந்தினால் மட்டும் போதாது. ஓங்கிய கை தாழ வேண்டும். கடவுளும் தம் சினத்தை விட்டுத் திரும்பக்கூடும் என்று அவன் நம்புகிறான். இரு இடத்திலும் வினை ஒன்றே: 'ஷூவ்', திரும்புதல். கொடியவர் திரும்பும்போது அவர் கையில் சிக்கியவர்களும் விடுபடுகிறார்கள். மனந்திரும்புதலுக்கான அழைப்பு இல்லாவிடில், யோனாவின் குற்றச்சாட்டு நியாயமாகிவிடும். பொறுமை வெறும் பாராமுகமாகிவிடும்.

யோனாவின் அறிவிப்பு எபிரேயத்தில் 5 சொற்களே. 40 நாளில் நினிவே 'கவிழும்' என்பது அதன் கருத்து. அவ்வினை சோதோமின் அழிவுக்கும் வழங்குவது. ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறுவதையும் அது குறிக்கும். நகரம் அழியாமல் மாறியது. எச்சரிக்கை பொய்க்கவில்லை, யோனா எண்ணாத பொருளில் நிறைவேறியது.

கேரளத்தின் சுரியானிக் கிறித்தவர்கள் இக்கதையை நினைந்து 'மூன்று நோன்பு' இருக்கிறார்கள். அந்நாள்களில் குறவிலங்காடு தேவாலயத்தில் கப்பல் உருவமொன்றைத் தோள்களில் சுமந்து பவனி வருவர். கப்பல் யோனாவுடையது, நோன்போ நினிவேயுடையது. கதையைக் கேட்கும்போது யோனாவின் பக்கம் நிற்பது எளிது. நோன்பிருப்பவர் நினிவேயின் இடத்தில் தம்மை நிறுத்திக்கொள்கிறார். பொறுமை தமக்கும் தேவைப்படுகிறது என ஒப்புக்கொள்கிறார்.

நூல் கடவுளின் கேள்வியோடு முடிகிறது. 1,20,000க்கும் மேற்பட்ட மக்களும் திரளான கால்நடைகளும் வாழும் நகருக்காக நான் இரங்கலாகாதா என்கிறார் அவர். யோனாவின் மறுமொழி பதிவாகவில்லை. தமக்குத் தீங்கிழைத்தவரும் திரும்பலாம் என்பதை அவர் ஏற்றாரா என்று நூல் சொல்லவில்லை. நினிவேக்குத் தரப்பட்ட காலம் இப்போது யோனாவுக்கும் தரப்பட்டிருக்கிறது.